சென்னைக்கு மூத்த ஊர்கள்

சென்னையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் கோட்டையையும் கடற்கரையையும் மயிலாப்பூரையும் பார்த்துவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். மின்சார ரயில் ஜன்னலில் வரிசையாக ஓடி மறையும் பல்லாவரம், தாம்பரம், அம்பத்தூர், திருவொற்றியூரை யாரும் பார்க்க வேண்டிய இடமாக நினைப்பதில்லை. வீட்டு வாடகை குறைவு என்பதற்காகக் குடிபோகும் இடங்கள், அவ்வளவுதான். ஆனால் 1639ல் கிழக்கிந்தியக் கம்பெனி கால்வைத்த மணல்திட்டை விட இந்த ஊர்களில் பலவும் பல நூறு வருடம் மூத்தவை. நகரம் இவற்றிடமிருந்து எதை எடுத்துக்கொண்டது, பதிலுக்கு எதைக் கொடுத்தது என்று பார்த்துவர வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. ரயில், பஸ், மீதி நடை. அன்றன்றைக்கு ராத்திரி எழுதிப் போடுகிறேன்.

வியாழன்: பரங்கிமலை, பல்லாவரம்

காலை வெயில் ஏறுவதற்குள் பரங்கிமலைப் படிகளில் ஏறிவிட்டேன். கருங்கல் படிகள். இவற்றைக் கட்டிக் கொடுத்தவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மேனிய வணிகர். சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் 1726ல் மர்மலாங் பாலம் கட்டியவரும் அவர்தான். அந்தப் பாலம் வந்த பிறகுதான் கோட்டைக்கும் தெற்கே இருந்த ஊர்களுக்கும் நடுவில் எந்தக் காலத்திலும் நம்பிப் போகிற பாதை கிடைத்தது. தென்சென்னைப் புறநகர்களுக்கு ஒரு பிறந்தநாள் குறிக்கச் சொன்னால் நான் அந்த வருடத்தைத்தான் குறிப்பேன்.

உச்சியில் 1523ல் போர்ச்சுகீசியர் கட்டிய தேவாலயம். அதைப் பார்க்க வருகிறவர்கள் பக்கத்தில் இருக்கும் வில்லியம் லாம்டன் சிலையைக் கண்டுகொள்வதில்லை. இந்தியாவையே அளந்து முடித்த பெரிய முக்கோண அளவைப் பணி 1802 ஏப்ரலில் அவர் தலைமையில் இங்கேதான் தொடங்கியது. இந்த மலையடிவாரச் சமவெளியிலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்று வரை சுமார் 12 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு நேர்கோட்டைச் சங்கிலி பிடித்து அளந்தார்கள். இமயமலையின் உயரம் வரை போன கணக்குக்கு முதல் கோடு அதுதான். அன்றைக்கு அது கிட்டத்தட்ட வெட்டவெளி. இன்றைக்கு அந்தக் கோட்டில் நூறடி தூரம் நேராகப் பார்க்க முடியாது, ஏதாவது ஒரு மாடி மறைக்கும்.

பல்லாவரம் அங்கிருந்து நான்கு நிறுத்தம் தள்ளி இருக்கிறது. 1863 மே 30 அன்று, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் இருந்த இராபர்ட் புரூஸ் ஃபூட் இங்கே சரளைக் குழி ஒன்றில் கல் கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்காலம் என்று ஒன்று இருந்தது என்பதற்கு அதுதான் முதல் அத்தாட்சி. அப்புறம் 1888ல் அலெக்சாண்டர் ரீ இங்குள்ள குன்றுச் சரிவில் சுட்ட மண்ணாலான ஈமப்பேழையைத் தோண்டி எடுத்தார். ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் குடைவித்த குகை ஒன்றும் இந்தக் குன்றில் இருக்கிறது. இப்போது அது தர்கா. ரயிலில் போகிறவர் இரண்டு நிமிடத்தில் தாண்டிவிடும் ஊருக்கு இத்தனை அடுக்கு!

இங்குள்ள பாறையும் சாதாரணப் பாறை இல்லை. கொல்கத்தாவின் வரலாற்றில் வரும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் எந்த வகைப் பாறை என்று 1890களில் தாமஸ் ஹாலண்ட் ஆராய்ந்தார். அதே பாறை பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் இருந்தது. அதனால் பாறைக்கு ‘சார்னக்கைட்’ என்று பெயர் வைத்துவிட்டார். நம்மூர்க் கல்லுக்குக் கொல்கத்தாக்காரர் பெயர். குன்றின் ஒரு பக்கம் வெட்டுமுகம் தெரிகிற இடத்தில் கையை வைத்துப் பார்த்தேன். புதிதாக உடைந்த முகம் எண்ணெய் தடவிய மாதிரி மங்கலான நீலச் சாம்பல் நிறம். வெயிலும் மழையும் பட்ட முகம் துருப்பிடித்த பழுப்பு. நடுவில் நீளமான துளைத் தடங்கள் நேர்கோடாக இறங்குகின்றன, வெடி வைப்பதற்குப் போட்டவை. நகரத்துக்குப் போன ஜல்லியில் இந்தப் பக்கத்துக் குன்றுகளுக்கும் பங்கு உண்டு. கல்லெடுத்த பள்ளங்களில் இன்று தண்ணீர் நிற்கிறது.

வெள்ளி: குரோம்பேட்டை, திருநீர்மலை

குரோம்பேட்டைக்குப் பெயர் தந்தது தோல் தொழிற்சாலை. குரோமிய உப்பு போட்டுத் தோல் பதனிடும் முறையை இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் சோதித்துப் பார்த்தார். அதைத் தொடர்ந்து சேம்பர்ஸ் என்பவர் பல்லாவரம் பக்கம் குரோம் லெதர் ஆலையைத் தொடங்கினார். நாற்றமடிக்கிற தொழிலை நகரத்துக்குள் யார் விடுவார்கள்? எல்லைக்கு வெளியே, தண்ணீர் கிடைக்கிற இடமாகப் பார்த்துப் போட்டார்கள். வேலை கிடைத்தது, ஊர் வளர்ந்தது. நாகல்கேணி, பம்மல் பக்கம் நிலத்தடி நீரும் கெட்டது. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். 1949ல் சி. ராஜம் தொடங்கிய எம்.ஐ.டி. கல்லூரியும் இதே குரோம்பேட்டையில்தான்.

மதியத்துக்கு மேல் திருநீர்மலை. திருமங்கையாழ்வார் இங்கே வந்தபோது மலையைச் சுற்றி வெள்ளம் சூழ்ந்திருந்ததாம். கிட்டப் போக முடியாமல் ஆறு மாதம் காத்திருந்து, நீர் வடிந்த பிறகுதான் பெருமாளைச் சேவித்தார் என்பது தலபுராணம். படியேறி மேலே நின்று பார்த்தால் கதை ஏன் அப்படி வந்தது என்று புரிகிறது. செம்பரம்பாக்கம் ஏரியின் உபரி நீர் அடையாற்றில் வந்து சேருவது இந்தப் பக்கம்தான். சுற்றிலும் தாழ்ந்த நிலம், ஏரிகள். 2015 டிசம்பர் 1 அன்று ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அன்றைக்கு ஆழ்வார் பார்த்த காட்சியை இந்தப் பகுதிக்காரர்கள் மொட்டைமாடியிலிருந்து பார்த்தார்கள். தலபுராணத்தைப் பக்திக்கு மட்டும் என்று ஒதுக்கி வைக்காமல், மனை வாங்குவதற்கு முன் ஒரு தடவை படித்துவிடுவது நல்லது.

அனகாபுத்தூர் வழியாகத் திரும்பினேன். ஒரு காலத்தில் இங்கே நெய்த ‘மெட்ராஸ் கைக்குட்டை’த் துணி நைஜீரியா வரை போனது. இப்போது தறிச் சத்தம் ஒன்றிரண்டு தெருக்களில்தான்.

சனி: தாம்பரத்திலிருந்து பள்ளிக்கரணை வரை

இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த நாள். தண்ணீர் போகிற வழியிலேயே போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்திருந்தேன்.

முதலில் தாம்பரம். கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை மீட்டர்கேஜில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931ல். அதற்கு முன் மாம்பலத்தில் பெரிய ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரை எழுப்பியிருந்தார்கள். நகரத்தில் வேலை, வெளியே வீடு என்கிற பழக்கத்தை நடுத்தர வர்க்கத்துக்கு ஏற்படுத்தியது இந்த ரயில்தான். 1937ல் மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டு இங்கே சேலையூர்க் காட்டுக்குள் குடிவந்தது. 365 ஏக்கர் வளாகம். மதில் சுவருக்கு வெளியே ஒரு மரம் தேட வேண்டியிருக்கிறது, உள்ளே புதர்க்காடு அப்படியே நிற்கிறது.

தாம்பரத்தின் நில அமைப்பைக் கவனித்தால் ஒரு விஷயம் பிடிபடும். தண்டவாளமும் ஜி.எஸ்.டி. சாலையும் கிட்டத்தட்ட ஒரு மேட்டின் முதுகில் போகின்றன. மேற்கே விழுகிற மழை முடிச்சூர், வரதராஜபுரம் வழியாக அடையாற்றுக்கு. கிழக்கே விழுகிற மழை ஏரி ஏரியாக இறங்கிப் பள்ளிக்கரணைக்கு. ஸ்டேஷனின் எந்தப் பக்கம் வீடு என்பதை வைத்து எந்த வெள்ளம் வரும் என்று சொல்லிவிடலாம்.

நான் கிழக்கே இறங்கினேன். சிட்லபாக்கம் ஏரி நிரம்பினால் செம்பாக்கம் ஏரிக்கு. செம்பாக்கத்திலிருந்து நன்மங்கலம், அங்கிருந்து கீழ்க்கட்டளை, நாராயணபுரம், கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். பந்தியில் பாத்திரம் கைமாறுவது போல ஒரு ஏரியின் மிச்சம் அடுத்த ஏரிக்குப் போகிறது. சென்னைச் சுற்றுவட்டாரம் தட்டை நிலம், மேற்கிலிருந்து கிழக்கே மிக மெல்லத்தான் சரிகிறது. அந்தச் சரிவை அறிந்தவர்கள் குறுக்கே மண்கரை போட்டு மழைநீரைத் தேக்கிப் பயிர் செய்தார்கள். கரைக்குக் கீழே ஆயக்கட்டு வயல். மேடான இடத்தில் நத்தம், அதாவது குடியிருப்பு, அதையொட்டிக் கோயில். அந்தப் பழைய கிராம நத்தத்தில் பெரும்பாலும் மழைக்காலத்தில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் ஏறாது. வயலைப் பிளாட் போட்டு விற்றதுதான் பின்னால் வந்த நகர்கள். முதல் குறுக்குத் தெரு, இரண்டாவது குறுக்குத் தெரு என்று எண் போட்ட தெருக்களில் படகு விடுவது அதனால்தான். ஏரி வீட்டுக்குள் வந்துவிட்டது என்று பேசுகிறோம். வயலுக்குப் பாய வேண்டிய தண்ணீர் வயலுக்குத்தான் வருகிறது, இப்போது அங்கே நாம் இருக்கிறோம்.

ஒரு ஏரியின் கலங்கலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். கரை ஓர் இடத்தில் தாழ்ந்து கல்பாவிய மேடையாக இருக்கும், ஏரி நிரம்பினால் உபரி அதன் மேல் வழிந்து போக வேண்டும். அந்த மேடையில் முழங்கால் உயரக் கற்கள் வரிசையாக நட்டிருந்தார்கள். மழைக்காலம் முடிகிற சமயம் இந்தக் கற்களுக்கு நடுவே மண்ணும் தழையும் வைத்து அடைத்தால் இன்னும் ஓரிரு அடி தண்ணீர் கூடுதலாக நிற்கும், கோடைப் பயிருக்கு ஆகும். இன்றைக்கு அந்தக் கற்களில் யாரோ கேபிள் வயரைச் சுற்றி வைத்திருக்கிறார்கள். வழிந்த தண்ணீர் இறங்க வேண்டிய வாய்க்கால் பத்தடி தூரம் தெரிகிறது, பிறகு ஒரு காம்பவுண்டுச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் வாய்க்கால் இல்லை, கார் நிறுத்துமிடம்.

வழியைக் கொஞ்சம் மாற்றி மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயிலையும் பார்த்தேன். சோழர் காலக் கோயில், விமானம் யானையின் பின்புறம் போல வளைந்து முடியும் கஜபிருஷ்ட அமைப்பு. தொல்லியல் துறைப் பராமரிப்பில் இருப்பதால் சுத்தம்.

பள்ளிக்கரணையை அடைந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. 1960களில் சுமார் 5,500 ஹெக்டேர் இருந்ததாகக் கணக்கு. சாலை, ரயில், கல்வி நிறுவனங்கள், அடுக்ககம், எல்லாம் தின்றது போக மிஞ்சியதில் பெருங்குடிக் குப்பைமேடு ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கிறது. 2022ல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. குப்பைமேட்டின் பின்னணியில் பூநாரைகளைப் படம் எடுக்கிற ஊர் உலகத்தில் அதிகம் இருக்காது.

ஞாயிறு: பழைய மகாபலிபுரம் சாலை

இந்தச் சாலையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, கண்ணாடிக் கட்டடங்களை எல்லோரும் பார்த்தாயிற்று. 2000ல் தரமணியில் டைடல் பார்க் திறந்ததோடு தொடங்கிய கதை. அதே 2000ல்தான் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகரும் தொடங்கியது. கூவம் கரையிலும் கால்வாய் ஓரத்திலும் குடிசை போட்டிருந்தவர்களை வேனில் ஏற்றி இங்கே கொண்டுவந்து விட்டார்கள். பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். பல்லாயிரம் குடும்பங்கள். வேலையும் பள்ளிக்கூடமும் பழைய இடத்தில், வீடு மட்டும் இருபது கிலோமீட்டர் தள்ளி. ஒரே சாலைக்கு ஒருவர் சம்பளம் பார்த்து வந்தார், இன்னொருவரைக் கொண்டுவந்து தள்ளினார்கள். லாம்டனின் கோடு முடிந்த பெரும்பாக்கம் இதுதான். பள்ளிக்கரணையின் நீர் ஒக்கியம் மடுவு வழியாக இந்தச் சாலைக்குக் குறுக்கே பாய்ந்து பக்கிங்காம் கால்வாயில் விழ வேண்டும். மடுவின் பாலத்தில் நின்று பார்த்தால் அத்தனை ஏரிகளுக்கும் சேர்த்து வாசல் எவ்வளவு குறுகல் என்பது தெரியும்.

திங்கள்: குன்றத்தூர், பூந்தமல்லி

குன்றத்தூர் சேக்கிழார் பிறந்த ஊர். சோழர் அவையில் அமைச்சராக இருந்தவர், சொந்த ஊரில் திருநாகேசுவரம் கோயிலை எழுப்பினார். அந்தக் காலத்தில் தொண்டைமண்டலத்தை 24 கோட்டங்களாகப் பிரித்திருந்தார்கள். இந்தப் பக்கம் புலியூர்க் கோட்டம், வடக்கே புழல் கோட்டம். கல்வெட்டில் ஊர்ப் பெயரோடு கோட்டத்தின் பெயரும் வரும். சென்னை என்கிற பெயருக்கு அங்கே இடமே இல்லை.

முருகன் கோயில் குன்றிலிருந்து பார்த்தால் மேற்கே செம்பரம்பாக்கம். 24 அடி ஆழம், 3,645 மில்லியன் கனஅடி கொள்ளளவு. பாசனத்துக்கு வெட்டிய ஏரி, இப்போது நகரத்தின் குடிநீர்த் தொட்டி. வயல் போய்விட்டதால் ஏரி யாருக்கு என்ற சண்டையும் இல்லை.

பூந்தமல்லியைப் பற்றி ஒரு தகவல் எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும். கம்பெனிக்குக் கடற்கரை நிலத்தை எழுதிக் கொடுத்தவர் தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கர். அவருடைய சகோதரர் அய்யப்ப நாயக்கர் பூந்தமல்லியில் இருந்துதான் கரையோரப் பகுதியை நிர்வகித்தார். அப்படிப் பார்த்தால் கோட்டை இருந்த இடம்தான் முதலில் பூந்தமல்லிக்குப் புறநகர்.

செவ்வாய்: அம்பத்தூர், ஆவடி, புழல்

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது, இந்த வழியாகத்தான். ஆனாலும் ஊர்கள் பெருத்தது சுதந்திரத்துக்குப் பிறகு. 1949ல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் ஆலை, 1955ல் பெரம்பூரில் ரயில்பெட்டித் தொழிற்சாலை, 1964ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை, 1965ல் ஆவடியிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி. நடுவில் 1955 ஜனவரியில் ஆவடி காங்கிரஸ் மாநாடு, ‘சோசலிச பாணி சமுதாயம்’ என்ற தீர்மானம். தெற்குப் பக்கம் வேலைக்கு ரயிலேறிப் போகிற ஊர்கள், மேற்குப் பக்கம் வேலை இருக்கிற ஊர்கள். இரண்டையும் புறநகர் என்று ஒரே சொல்லில் அடக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அம்பத்தூரில் ஷிப்ட் முடிகிற நேரம் ஸ்டேஷன் வாசலில் நின்றால் வித்தியாசம் தெரியும்.

புழல் ஏரிக் கரைக்குப் போகும்போது வெயில் தாங்கவில்லை. நகரத்துக்கு ஏற்பாடாகக் குடிநீர் போகத் தொடங்கியது 1870களில் இங்கிருந்துதான். அதற்கும் முன்பே, 1837ல், செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்குச் சாலை போடக் கல் ஏற்றிப்போக ஒரு சோதனை ரயில்பாதை போட்டார்கள். இந்தியாவில் தண்டவாளம் கண்ட முதல் வழித்தடம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அதன் தடயம் ஏதாவது கண்ணில் படுமா என்று தேடினேன். லாரி ஷெட்டுகள்தான் இருக்கின்றன.

புதன்: திருவொற்றியூர், எண்ணூர்

சம்பந்தரும் சுந்தரரும் பாடிய ஊர். சுந்தரர் சங்கிலியாரை மணந்த ஊர், பட்டினத்தார் அடங்கிய ஊர். கோயில் தூண்களிலும் சுவர்களிலும் சோழர் கல்வெட்டுகள். கோயிலிலிருந்து நடந்தால் கடலோரச் சாலை. 1946ல் பொம்மை பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கி எம்.ஆர்.எஃப். ஆனதும், 1955க்குப் பிறகு என்ஃபீல்டு புல்லட் உருண்டு வந்ததும் இங்கேதான்.

கடலைப் பார்க்கத்தான் வந்தேன். கடல் தெரிகிறது, மணல் இல்லை. நம் கரையோரம் நீரோட்டம் வருடத்தின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். 1870களில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் எழுப்பத் தொடங்கினார்கள். சுவருக்குத் தெற்கே மணல் தங்கித் தங்கி மெரினா அகலமானது. வடக்கே போக வேண்டிய மணல் போகாததால் ராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் தாண்டியும் கரை அரித்துக்கொண்டே வந்தது. வீடும் தெருவும் கோயிலும் கடலுக்குள் போன குப்பங்கள் உண்டு. கரை நெடுக இப்போது பாறைகளைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். மீன்பிடிப் படகை இழுத்துப் போட இடம் இல்லாமல், பாறைகளுக்கு நடுவே கிடைத்த சந்தில் சாத்தியிருந்தார்கள். ‘மெரினாவுல உக்காந்திருக்கிறது எங்க மணலுதான்’ என்றார் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர். அவர் சொன்னது அறிவியல்படி சரி.

எண்ணூரில் கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கிறது. அனல்மின் நிலையச் சாம்பல் கழிமுகத்தில் படிந்து ஆழம் குறைந்ததாக மீனவர்கள் வருடக்கணக்காகச் சொல்லி வருகிறார்கள். அலை வற்றிய நேரம் போனதால் சேறு வெளியே தெரிந்தது, மேலாக ஒரு வெளிறிய சாம்பல் பூச்சு.

நிர்வாகக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2011ல் 42 உள்ளாட்சிகளைச் சேர்த்துச் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. அம்பத்தூரும் திருவொற்றியூரும் அப்போது உள்ளே போயின. ஆவடி 2019லும் தாம்பரம் 2021லும் தனி மாநகராட்சிகள் ஆகிவிட்டன. 2022ல் பெருநகர்ப் பகுதியின் எல்லையையே 1,189லிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரித்தார்கள். காஞ்சிபுரமும் அதற்குள் வந்துவிட்டது. பல்லவர் தலைநகரைப் பெருநகரின் ஓரத்தில் வைக்கும் வரைபடத்தைப் பார்த்தால் மகேந்திரவர்மன் என்ன சொல்வாரோ.

அந்தப் பக்கத்து ஏரிகளுக்கு ஐப்பசி மழை பிடித்த பிறகு போகலாம் என்று இருக்கிறேன். கலங்கல் வழிகிற சமயம் போனால்தான் எந்த வாய்க்கால் உயிரோடு இருக்கிறது, எது சுவரில் முட்டி நிற்கிறது என்று கேட்காமலே தெரியும்.